அம்மா ரேடியோவில் பேசிய ஞாயிறு

அத்தையை இப்போது மேடைகளில் அறிமுகப்படுத்தும்போது இருமொழி எழுத்தாளர், வானொலி ஆவணப்பட... இல்லை, வானொலி ஆவண நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்று தடுமாறித் தடுமாறி நீளமாகச் சொல்கிறார்கள். தமிழில் எழுதியதை அவளே இங்கிலீஷிலும் எழுதுவாள். கையில் மைக்கோடு ஊர் ஊராகச் சுற்றுவாள். உங்கள் முதல் நிகழ்ச்சி எது என்று யாராவது கேட்டால், பாலாற்றைப் பற்றியது என்பாள். சபையில் அத்தையை மறுத்துப் பேசக்கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உண்மையில் முதல் நிகழ்ச்சி ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் பதிவானது. அப்போது நான் நான்காம் வகுப்பு.

அவள் அப்பாவின் கடைசித் தங்கை. சென்னையில் படித்துவிட்டு ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். ஒரே நிகழ்ச்சியைத் தமிழிலும் இங்கிலீஷிலும் நன்றாகச் செய்து காட்டினால் வேலை நிரந்தரம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அது என்ன வேலை என்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. "ஊர்ல இருக்கறவங்களப் பேச வுட்டு இவ சம்பளம் வாங்குவாளாம்" என்று அப்பா, தோல் பதனிடும் ஷாப்பில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகவே கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

ஷூ கம்பெனிப் பெண்களைப் பற்றி எடுக்கப்போவதாகச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினாள். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் கம்பெனி வேனில் போய்வருகிறவர்கள்தான். அம்மாவும் ஷூவின் மேல்தோலைத் தைக்கும் லைனில் இருந்தாள். அத்தை டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு மெஷினை எடுத்து வைத்து, மைக்கை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவ்வளவுதான், அம்மா செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். "எங்கள் நிறுவனத்தில் பெண்களுக்குச் சகல வசதிகளும் செய்து தரப்பட்டுள்ளன." அம்மாவுக்கு இவ்வளவு நல்ல தமிழ் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் பூரித்துப்போனேன். அத்தைக்கு முகம் தொங்கிவிட்டது.

"அண்ணி, மைக்க மறந்துடுங்க. நீங்க பாட்டுக்குப் பூண்டு உரிங்க" என்று முறத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அம்மாவுக்கும் தெரியும். ஆனால் நாலு பல் உரிப்பதற்குள் அம்மா பழைய அம்மாவாகிவிட்டாள். பாத்ரூம் போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும், முழு லைனுக்கும் இரண்டே டோக்கன், அதனால் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டோக்கன் கிடைக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டாளாம்.

"எழுந்துக்க மாட்டேன்னு மெஷினைப் புடிச்சிக்கினு உக்காந்துங்கீது. என் யூனிபாரம் கோட்டைக் கழட்டி அது இடுப்புல கட்டி இட்டுனு போனேன். அதும் பேசல, நானும் பேசல" என்று சொல்லி, பூண்டுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த எரிச்சலில் இன்னும் அழுதாள். அம்மா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அத்தையின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடிந்ததும் அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதைத்தான் அடியில் ஓட விடுவார்களாம். "யாரும் அசையாதீங்க" என்றாள். அம்மாவும் நானும் தலையைக் குனிந்து உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அக்கா உறை மோர் கேட்டு உள்ளே வந்தாள். அடுப்பு அணைந்து கிடக்கிறது, சென்னையிலிருந்து நாத்தனார் வந்திருக்கிறாள், அம்மாவின் கண்கள் சிவந்திருக்கின்றன, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. "ஐயோ, அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்று மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு அப்பா திரும்பி வந்தபோது வாசலில் தெருவே கூடியிருந்தது. ஒரு நல்ல மனிதர் மாலை வாங்க ஆள் அனுப்பியிருந்தார். தன்னைக் கண்டதும் இத்தனை பேர் ஏன் அலறுகிறார்கள் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. நடந்ததை விளக்கித்தான் கூட்டத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. வினை அங்கேதான் வந்தது. அப்பா உயிரோடிருக்கும் செய்தியைவிட, கம்பெனியைப் பற்றி அம்மா ரேடியோவில் அழுதுகொண்டே பேசினாள் என்ற செய்தி வேகமாகப் பரவியது. மறுநாள் சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டு, "ரேடியோல நம்ம கம்பெனி பத்தி பேசினியாமே? வரட்டும், கேக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தோல் ஷாப் வேலை ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. அம்மாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு டெலிபோன் பூத்துக்குப் போய், சென்னைக்குத் திரும்பியிருந்த அத்தையிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பேச்சை எடுத்துவிடு என்று மட்டும் அவள் சொல்லவில்லை. "நீ போட்டுக்கம்மா. உனுக்கு வேலை ஆவணும் இல்ல" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

நானோ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒலிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. முதலில் அத்தையின் குரல் வந்தது, பிறகு அம்மா வந்தாள். "எங்கள் நிறுவனத்தில் பெண்களுக்குச் சகல வசதிகளும் செய்து தரப்பட்டுள்ளன." அவ்வளவுதான். டோக்கன் இல்லை, அந்தப் பெண் இல்லை, அழுகை இல்லை. "இதுக்கா இத்தினி பேஜாரு?" என்று அடுத்த வீட்டு அக்கா எழுந்து போனாள். மறுநாள் சூப்பர்வைசர் அம்மாவை எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம்.

இங்கிலீஷ் நிகழ்ச்சியிலாவது அத்தை அதை வைத்திருக்கலாம், எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரிந்திருக்காது. கம்பெனி முதலாளிக்குப் புரியும் என்று அதிலும் எடுத்துவிட்டாள். இரண்டுமே சப்பென்று இருப்பதாகச் சொல்லி நிலையத்தில் வேறொருவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் அத்தை, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாள்களைத் தமிழில் மொழிபெயர்த்துப் பிழைத்தாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு வகுப்பில் மானம் போயிருந்தது. ஆத்திரம் முழுக்க அத்தையின் மேல்தான்.

"நீ அழுதத ஏம்மா போடல?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மெஷினு சரியா எடுக்கலியாம்" என்றாள் அம்மா.

நான் நம்பினேன். அடுத்த பொங்கலுக்கு அத்தை வந்தாள். கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து அம்மா அவள் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு நல்லி எலும்புகூட வரவில்லை. நான் அத்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மெட்ராஸ்ல நல்ல மெஷினே கெடைக்காதா அத்த? அடுத்த தபா நல்லதா ஒண்ணு வாங்கிக்க" என்று புத்தி சொன்னேன்.

"வாங்கிடலாம் கண்ணு" என்றாள் அத்தை.

அம்மா சட்டென்று எழுந்து சமையல்கட்டுக்குள் போனாள். எனக்கும் கறி எடுத்துவரத்தான் போகிறாள் என்று நான் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.