பாபாவின் உபசாரம்

பாபா இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தவர்கள் நெய்ச்சோற்றை வளைத்துக்கட்டிக்கொண்டே அவரை மகானாக, ஔலியாவாக ஆக்கிவிட்டார்கள். "இப்படி மரியாதை தெரிஞ்ச மனுசன் ரங்கூன்லயே இல்லே" என்றார் ஒருவர். "ஈரான்காரர்னா ஈரான்காரர்தான்" என்றார் இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அவருடைய மகள் நான்தான் அந்த மரியாதைக்கு விலை கொடுத்தவள்.

பாபா இளவயதில் கப்பலில் எஞ்சின் வேலைக்கு வந்தவர். ரங்கூன் ஆற்றங்கரையில் போட்டாதாங் ஜெட்டியில் இறங்கினார், திரும்ப ஏறவில்லை. லாஞ்சு எஞ்சின் பழுது பார்த்துப் பிழைத்தார். உம்மாவின் வீட்டார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் வழக்கப்படி அத்தா என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பாபா என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் எங்கள்மேல் எரிந்து விழுவார், உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், ஆளே மாறிவிடுவார்.

வந்தவர் எதைப் புகழ்ந்தாலும் நெஞ்சில் கை வைத்து, "உங்களோடதுதான், எடுத்துக்குங்க" என்பார். கடிகாரமா, எடுத்துக்குங்க. கம்பளமா, எடுத்துக்குங்க. அவருடைய ஊரில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம், வந்தவர் மறுக்க வேண்டுமாம். அது வெறும் பேச்சு என்று இரண்டு பேருக்குமே தெரியும். பர்மாக்காரர்களிடமும் இது செல்லுபடியானது. அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூசும் குணத்துக்கு அவர்கள் அனாடே என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் தையல் மெஷினைப் புகழ்ந்துவிட்டு, பாபா எடுத்துக்கச் சொன்னதும் "அனாடே, அனாடே" என்று ஓட்டமாய் ஓடினாள். ஒரு கரண்டிகூடக் குறையாமல் பாபா வள்ளல் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த வருடம், ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் டாலாவிலிருந்து ஒரு லாஞ்சு முதலாளி சாப்பிட வந்தார். தமிழர்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், வயதில் உம்மாவைவிட மூத்தவர். நான் சாயாவைக் கொண்டுபோய் வைத்தேன். "உங்க மக தங்கமான புள்ளையா இருக்கே" என்றார். பாபாவின் கை நெஞ்சுக்குப் போனது.

"உங்க வீட்டு வேலைக்காரிதான். எடுத்துக்குங்க."

அவர் மறுக்கவில்லை. சாயாவை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அப்ப ஒரு நல்ல நாள் பாத்துருவோம்" என்றார்.

அவர் போனதும் பாபா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். "அவன் வேணாம்னு சொல்லணும். அதுதானே மரியாதை" என்றார். உம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சும்மா பேச்சுக்குச் சொன்னதுன்னு போய்ச் சொல்லிருங்க. புள்ள படிக்கணும்ங்கறா." பாபா காலை உதறினார். "என் வாயாலே குடுத்ததை நானே போய்ப் பிடுங்குறதா? அப்புறம் இந்த ஆத்தங்கரையிலே எவன் என்னை மதிப்பான்?" அவ்வளவுதான். என் புத்தகங்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதும் அவர்தான்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. நிக்காஹ்வில் பெண்ணிடம் சம்மதம் கேட்டாக வேண்டும். கேட்கட்டும், சபையில் வைத்தே முடியாது என்று சொல்லிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நிக்காஹ் நடத்த வந்த ஆலிம்சா இரண்டு சாட்சிகளோடு அறை வாசலில் வந்து நின்றார். பாபா பக்கத்தில் நின்றார். "சம்மதமா தாயி?" என்று ஆலிம்சா கேட்டார்.

"வேணாம்" என்றேன். நன்றாகக் காதில் விழும்படிதான் சொன்னேன்.

சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாபா சிரித்தார். "எங்க ஊர்லே பொண்ணை மூணு தடவை கேக்கணும். முதல் தடவையே சரின்னு சொன்னா வெக்கங்கெட்டவள்னு பேசுவாங்க. என் மகளுக்கு அந்த மரியாதை தெரியும்."

ஆலிம்சா மறுபடி கேட்டார். "எனக்கு வேணாம், நான் படிக்கணும்" என்று கத்தினேன். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "பாத்தீங்களா வளர்ப்பை" என்றார் பாபா. பேச்சுக்குச் சொல்வது எது, மனசாரச் சொல்வது எது என்று அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர். பாவி மனுசன், தெரிந்தேதான் செய்தார்.

மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன பிரயோசனம். கன்னிப்பெண் பேசாமலிருந்தால் சம்மதமென்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆலிம்சா எழுதிக்கொண்டார். பாபா என் தலையில் கை வைத்து துஆ செய்தார்.

டாலாவில் என் வாழ்க்கை எப்படிப் போனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த ஆள் செத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பாபாவுக்குக் கடைசியில் நுரையீரல் கெட்டுப்போனது. உம்மா அதற்கு முன்பே போய்விட்டாள், அதனால் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உனக்கு அநியாயம் பண்ணிட்டேன். மன்னிச்சுரும்மா" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லே பாபா" என்றேன், சிரித்துக்கொண்டு.

அவருக்கு முகம் தெளியவில்லை. என்னையே உற்று உற்றுப் பார்த்தார். "நெசமாவா சொல்றே? இல்லே, பேச்சுக்கா?"

மறுநாளும் கேட்டார். பேச்சு நின்றுபோகும்வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நான் ஒவ்வொரு தடவையும் தலையணையைச் சரிசெய்துவிட்டு, அதே சிரிப்போடு, "ஜூஸ் குடிக்கிறீங்களா பாபா" என்று கேட்டேன்.