அசையாத கல்லும் அரசாங்கத் தொட்டியும்

"கடல் வேணும்னா இடம் மாறிப் போகட்டும். என் கல்லு மாறாது."

எலியோதோரோ சான்வெசா இதைச் சொன்னது தல்காவானோ துறைமுக ஊரின் மீன் சந்தையில், நாற்பது பேர் முன்னிலையில். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பிய ஒப்பந்தப்புள்ளியிலும் அதையே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டார்.

கல் என்றால் மலையில் வெட்டியது அல்ல. அலைதடுப்புச் சுவரின் மேல் அடுக்குவதற்காக அவர் பட்டறையில் வார்க்கும் கான்கிரீட் கட்டி. மூன்று கால், ஒரு திமில், எட்டு டன் எடை. அதற்குப் 'பிடிவாதக்காரி' என்று பெயர் வைத்திருந்தார். அவர் மனைவி எர்னா அந்தப் பெயருக்கு விளக்கம் கேட்டார். கிடைத்த விளக்கத்தை இன்றுவரை நம்பவில்லை.

எட்டு டன்னுக்குக் காரணம் உண்டு. பட்டறைக் கிரேன் அதற்கு மேல் தூக்காது. துறைமுக அலுவலகத்துக்கோ வாய்ச்சொல் போதாது. செயற்கையாக அலை எழுப்பும் அரசின் அலைத்தொட்டியில் மாதிரி வைத்துச் சோதிக்கச் சொன்னது. ஒரு கல்கூட வரிசை மாறாவிட்டால் எட்டு டன்னுக்கு ஒப்புதல். ஒன்றே ஒன்று மாறினாலும் பத்து டன். பத்து டன் என்றால் பெரிய கிரேன் உள்ள வேறு கம்பெனிக்கு வேலை போகும். எலியோதோரோவின் பதினோரு ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள்.

அலைத்தொட்டி இருந்தது கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில். அரசாங்கம் தன் கடலை அங்கேதான் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது. அமைச்சகம் அலை எழுப்பாத வாரங்களில் தனியாருக்கும் வாடகைக்கு விடுவார்கள். அதற்கு ஒரு விண்ணப்பம், நான்கு நகல்கள், ஒரு சன்னல். சன்னலுக்குப் பின்னால் ப்ரோஸ்பெரினா அம்மாள்.

விண்ணப்பத்தின் ஒன்பதாவது கேள்வி: 'அலை தேவைப்படும் காரணம்.' எலியோதோரோ 'அலையைத் தோற்கடிக்க' என்று எழுதினார். அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"எலியோ ஐயா, இங்க யாரும் யாரையும் தோற்கடிக்கிறதில்ல. 'ஆய்வு'ன்னு எழுதுங்க. நாலு நகல்லயும்."

எழுதினார். நான்கு மாதம் கழித்து, அந்த நாட்டில் குளிர்காலமான ஜூலையில் ஒரு வாரம் ஒதுக்கினார்கள்.

மாதிரியைக் கம்பெனிதான் செய்து கொண்டுவர வேண்டும். நாற்பதில் ஒரு பங்கு அளவு. எட்டு டன் கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு இறங்கும். அப்படி முந்நூறு பிடிவாதக்காரிகளை வார்த்து முன்கூட்டியே அனுப்பினார். முந்நூறும் திரும்பி வந்தன. கடல்நீரைவிட நல்ல தண்ணீர் குறைவாகத் தூக்கும், ஆகவே தொட்டிக்குக் கல் சற்று இலேசாக இருக்க வேண்டும் என்று தொட்டிப் பொறுப்பாளர் குரிக்கேயோ குறிப்பு வைத்திருந்தார். தன் கல்லை ஒல்லியாக்கித் தோற்கடிக்க அரசாங்கம் சதி செய்கிறது என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, எலியோதோரோ மறுபடி முந்நூறு வார்த்தார். இம்முறை முதல் கல் ஈரமாக இருக்கும்போதே, ஓர் ஆசைக்கு, அதன் திமிலில் தன் வலது கட்டைவிரலைப் பதித்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் அநேகமாக அது ஒன்றுதான்.

குறிப்பில் இன்னொன்றும் இருந்தது: வரிசைக்கு ஒரு நிறம் பூச வேண்டும். எந்தக் கல் எங்கிருந்து உருண்டது என்று நிறத்தைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள். எலியோதோரோ தன் கால்பந்துக் குழுவின் நீலத்தையும் வெள்ளையையும் மட்டும் பூசி எடுத்துப் போனார்.

"பத்து வரிசைக்கு ரெண்டே நிறமா, மேஸ்திரி?" என்றார் குரிக்கேயோ.

"நகருற கல்லுக்குத்தான்யா பத்து நிறம் வேணும். என் கல்லுக்கு ரெண்டே ஜாஸ்தி."

குரிக்கேயோ மரியாதைக்காரர். எந்த நிறம் பூசுவது என்பது மேஸ்திரியின் சொந்த விஷயம் என்று விட்டுவிட்டார். நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை என்று அடுக்கினார்கள். மேலிருந்து மூன்றாவது வரிசை நீலம். அதன் நடுவில் ரேகைக் கல்லை எலியோதோரோ தன் கையாலேயே வைத்தார்.

மூன்று நாள் அலை அடித்தது. சிறு புயல், பெரும் புயல், நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் புயல் எல்லாம் அரசு வேலை நேரத்துக்குள், மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டு வந்தன. எலியோதோரோ கண்ணாடிச் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது, துடைத்துவிட்டுப் பார்த்தார்.

கடைசி நாள் தண்ணீரை வடித்தார்கள். தொட்டி சார்பில் ஒருவர், கம்பெனி சார்பில் ஒருவர் என இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி. குரிக்கேயோ முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டார். வெள்ளை நடுவே நீலம் இல்லை, நீலம் நடுவே வெள்ளை இல்லை. 'இடம் மாறியவை: 0' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

எலியோதோரோ எண்ணும் முன்பே பூஜ்யம் போட்டார். கையெழுத்துக்கு முன்னால், தன் கல்லை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கால்சட்டையை மடித்துவிட்டு ஈரத்தில் இறங்கினார்.

மூன்றாவது வரிசையில் ரேகை இல்லை. பள்ளமும் இல்லை, அக்கம்பக்கத்துக் கற்கள் சரிந்து இடத்தை மூடிவிட்டிருந்தன. அவர் குனிந்தபடி வெள்ளையைத் தாண்டிக் கீழே வந்தார். ஐந்தாவது வரிசையின் நீலங்களுக்கு நடுவே, அங்கேயே பிறந்தது போல, ரேகைக் கல் உட்கார்ந்திருந்தது.

மேலே குரிக்கேயோ ரொட்டியை அவகாடோ வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். படங்களைக் கட்டி உறையில் போட்டாயிற்று. எலியோதோரோவுக்குப் பதினோரு பேரின் முகமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. பிறகு அந்தச் சுவருக்குப் பின்னால் படகு கட்டப் போகிற குப்பத்து மீனவர்களின் முகங்கள். அவை பதினொன்றைவிட அதிகம். எல்லாம் சந்தையில் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்த முகங்கள்.

ஏறி வந்து பேனாவை வாங்கினார். தன் பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

குரிக்கேயோ மெல்லுவதை நிறுத்தினார். "எது மேஸ்திரி? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

எலியோதோரோ திரும்ப இறங்கி, ஐந்தாவது வரிசை நீலக் கல்லின் திமில் மேல் வலது கட்டைவிரலை வைத்தார். அச்சாகப் பொருந்தியது.