சிவப்பணுவில் ஒரு பச்சை வளையம்

போன சனிக்கிழமை சாயங்காலம். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மில் ஆபீசுக்குள் வாட்ச்மேன் மாடசாமி ஓடி வந்தார்.

"சார், ஒங்க வீட்டுக்காரவுக கேட்ல நிக்காக. அழுதுக்கிட்டே சிரிக்காக... வெரசா வாங்க."

எங்கள் வீடு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். என் மனைவி ஜெயா அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சனிக்கிழமைதோறும் ஆராய்ச்சிக்காக மதுரைக்குப் போகிறாள். இங்கே எதற்கு வந்தாள்?

என்ன ஆராய்ச்சி என்கிறீர்களா? நம் ரத்தச் சிவப்பணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அணுவுக்குள் சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் என்சைம்களில் சில, அந்தச் சவ்வின் உட்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளுமாம். உப்புக் குறைந்த தண்ணீரில் அணுவை உடைத்தால் சவ்வோடு ஒட்டியிருக்கும். உப்பைக் கூட்டினால் விட்டுவிடும்.

அங்கேதான் சிக்கல். "ஒடைக்கிற தண்ணியாலதாம்மா அது ஒட்டுது. முழு அணுவுக்குள்ள சும்மா மிதந்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்று அவளுடைய ஆராய்ச்சி கைடு சந்தேகப்பட்டார். நிரூபிக்க முடியாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வருஷக்கணக்கான உழைப்பு!

ரத்தம் யாருடையது? என்னுடையதுதான்! பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா எடுத்துக் கொடுப்பார். ஐஸ் பெட்டியில் மதுரைக்கு பஸ் ஏறும். 'பெண்டாட்டி ரத்தத்தை உறிஞ்சுகிறாள்' என்று நண்பர்கள் அலுத்துக்கொள்ளும்போது நான் வாயே திறப்பதில்லை.

கேட்டுக்கு ஓடினேன்.

"ஒட்டித்தாங்க இருக்கு!" என்றாள் ஜெயா.

இந்த முறை அணுவை உடைக்காமல், உள்ளே எதுவும் நகராதபடி முதலில் மருந்து போட்டு நிறுத்தியிருக்கிறாள். பிறகு, அந்த என்சைமை மட்டும் தேடிப் பிடிக்கிற ஒளிரும் சாயத்தைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறாள்.

"நடுவுல இருட்டு. ஓரத்துல மட்டும் பச்சையா வளையம்... எந்த அணுவப் பாத்தாலும் வளையம்!"

"கைடு என்ன சொன்னாரு?"

"கண்ணாடியத் தொடச்சித் தொடச்சிப் பாத்தாரு. பொறவு, 'எழுத ஆரம்பிம்மா'ன்னுட்டாரு."

மறுபடி அழுதாள்.

"ஏட்டி, பஸ் நம்ம ஊரு வழியாத்தான வருது? வீட்ல எறங்கியிருக்கலாம்ல?"

"எறங்கத்தான் எந்திரிச்சேன். நீங்க வர ராத்திரி ஆயிரும்... அம்புட்டு நேரம் யாருகிட்டப் போயி இதச் சொல்ல? அப்படியே ராஜபாளையத்துக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."

துக்கத்தை மாதக்கணக்கில் மனசுக்குள் பூட்டி வைக்கிறோம். சந்தோஷத்தை மட்டும் ஒரு பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்வரைகூட வைத்திருக்க முடிவதில்லையே... ஏன்?

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாடசாமி, ஜெயாவைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்தால், பார்க்கிறவரெல்லாம் என் கையைக் குலுக்குகிறார்கள் — ஜெயா புதுசாக ஒரு பசை கண்டுபிடித்திருக்கிறாளாம்!