உத்திராபதி அணைக்காத கற்பூரம்

உத்திராபதிக்கு நாயைக் கண்டால் பயம், போலீஸைக் கண்டால் பயம், குழம்பில் உப்பில்லை என்று பெண்டாட்டி வனஜாவிடம் சொல்லவும் பயம். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிற மனுஷனுக்குக் கரையில்தான் அத்தனை அச்சமும் என்று வனஜா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவளிடம் வாய்க்குப் பஞ்சமில்லை.

ஆனால் அவளுக்கே விளங்காத ஒன்று அவனிடம் இருந்தது. கடலுக்குக் கிளம்புமுன் தினமும் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று ஏதோ முணுமுணுப்பான். மற்றவர்கள் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுவார்கள். இவன் லேசில் நகரமாட்டான்.

"அப்பிடி இன்னாதான்யா கேக்குற அவகிட்ட?" என்று கல்யாணமான புதிதிலிருந்தே துளைத்துப் பார்த்துவிட்டாள். "சும்மாதான்" என்பான். வேறு எவளாவது இருக்கிறாளோ என்றுகூட ஒரு காலத்தில் அவள் மண்டை குடைந்ததுண்டு.

போன மாசியில் வில்லங்கம் வந்தது. உத்திராபதி போவது மணிமாறனின் பைபர் போட்டில். மணிமாறன்தான் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். ஒரு விடியலில் அந்த போட்டு, பக்கத்து ஊர் அய்யனார் விரித்திருந்த வலைமேல் ஏறி, அதை நார்நாராகக் கிழித்துவிட்டது. அய்யனார் ஆட்களோடு வந்து நியாயம் கேட்டார்.

"எங்க போட்டு அந்தப் பக்கமே வரல. வேணும்னா அம்மன் முன்னால கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்றோம்" என்றார் மணிமாறன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அய்யனாரும் ஒப்புக்கொண்டார்.

நடந்தது என்ன என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே! மாற்றிப் பேசுகிறவனை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று. நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். எந்த போட்டிலும் ஏற்றமாட்டார்கள்.

"கண்ண மூடிக்கினு அணைச்சிட்டு வந்துருயா. ஒரு நிமிஷ வேலை" என்றாள் வனஜா. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தான்.

கோயில் முன் இரண்டு ஊரும் கூடின. போட்டில் போனவர்கள் நாலு பேர். முதலில் மணிமாறனின் மச்சான் அணைத்தான். புதுக் கட்டி ஏற்றினார்கள். அடுத்த இரண்டு பேரும் அணைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் விலகினார்கள். உத்திராபதி முறை வந்தபோது வனஜா பெண்கள் கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கைலிக்குள் அவன் முழங்கால் ஆடுவது அவளுக்குத் தெரிந்தது.

கையை நீட்டினான். நீட்டியபடியே நின்றான். கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது.

"அம்மா முன்னாடி என்னால முடியாது. வலைய கிழிச்சது எங்க போட்டுதான்."

குரல் பாதிப் பேருக்குக்கூடக் கேட்கவில்லை. அய்யனாருக்குக் கேட்டது. "அடப்பாவி!" என்று கத்தியவர்களில் வனஜாவும் ஒருத்தி.

அன்றைக்கே தள்ளிவைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு வெண்ணிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வனஜாவும் மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. இத்தனை பயந்தாங்கொள்ளிக்கு அந்த ஒரு நிமிஷம் துணிச்சல் எங்கிருந்து வந்தது? கோபத்தைவிட அந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை.

நாலாம் நாள் காலை உத்திராபதி வீட்டோரம் கிடந்த தன் பழைய கட்டுமரத்தைக் கட்டி, வழக்கம்போல அம்மன் முன் நின்றுவிட்டு, தனியாகத் தள்ளத் தொடங்கினான். மரம் மணலைவிட்டு அசையவில்லை. கரையில் இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள். மார்க்கெட்டுக்குக் கிளம்பிய வனஜா கூடையோடு அவனிடம் வந்தாள்.

"இப்பவாவது சொல்லித் தொலை. தெனம் அவகிட்ட இன்னா கேக்குற?"

அவன் மூச்சு வாங்க நிமிர்ந்தான். "என் பயத்த எடுத்துடு தாயேன்னு கேப்பேன். முப்பது வருஷமா அது ஒண்ணுதான்."

"அன்னிக்கி எடுத்துட்டாளா?"

"எங்க எடுத்தா? இப்பவும் கால் ஆடிக்கினுதான் கீது. பயத்தோடவே செய்யின்னுட்டா போல."

வனஜா அவனையே பார்த்தாள். கூடையை மணலில் இறக்கி, புடவையை வரிந்து செருகிக்கொண்டு, ஊரே பார்க்க அவன் பக்கத்தில் போய்க் கட்டுமரத்துக்குத் தோள் கொடுத்தாள்.

"தள்ளுயா" என்றாள். "எனக்கும் பயமாதான் கீது."