அப்பாவின் நாலாவது தையல்

என் அப்பா நாற்பது வருஷம் ஊரார் வீட்டுச் சாமான் தூக்கியவர். வீடு மாறுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் அவர் உடம்பில் ஏறித்தான் மாடிக்குப் போயின. படி திரும்புகிற இடத்தில் பீரோவின் அடி விளிம்பை வயிற்றின்மேல் நிறுத்திவிட்டு, கையை மாற்றிப் பிடிப்பார். கூட வேலை செய்தவர்கள் அவரை 'ஸ்டூல்' என்று கூப்பிட்டார்கள். அதற்கும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார், அப்படி ஒரு மனுஷன்.

ஐம்பத்தெட்டு வயதில் குடலில் ஓட்டை விழுந்து, நெஞ்சுக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி வெட்டி, உயிரைக் காப்பாற்றினார்கள். ஆறே மாதத்தில் வெட்டின இடம் பிரிந்து, குடல் தோலுக்கடியில் பிதுங்கியது. இழுத்துத் தைத்தார்கள், பிரிந்தது. பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்தார்கள், அதில் சீழ் பிடித்து வலையையும் எடுத்துப் போட்டார்கள். பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்னதில்லை.

இதற்கு நடுவில் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். வலது பக்கம் போயிற்று, வாய் மட்டும் போகவில்லை. அப்பாவின் வயிற்றைப் பார்த்து, "இது எத்தனையாவது மாசம்?" என்று தினமும் கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார். வேறு யார் தொட்டாலும் அவளுக்கு ஆகாது.

நாலாவது தடவை பார்த்த டாக்டரம்மா கெட்டிக்காரி. "வீட்டுல என்ன தூக்குறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லைங்க. சம்சாரத்தை மட்டுந்தான்."

எப்படி என்று செய்து காட்டச் சொன்னாள். அப்பா அங்கிருந்த மர நாற்காலியைச் சாய்த்து, தூக்கி, வயிற்றில் நிறுத்தி, கை மாற்றினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். போட்ட தையல் ஏன் நிற்கவில்லை என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அம்மாவையும் அவர் பீரோ மாதிரியே தூக்கியிருக்கிறார்.

சிகரெட்டை விட வைத்தார்கள். பன்னிரண்டு கிலோ இளைக்க வைத்தார்கள். வெளியிலேயே கிடந்து பழகின குடலுக்கு உள்ளே இடம் இல்லை என்று, பக்கவாட்டுத் தசை தளர ஒரு மாதம் முன்னாலேயே ஊசி போட்டார்கள். ஏழு மணி நேரம் ஆப்பரேஷன். தசையை அடுக்கு அடுக்காகப் பிரித்து, நடுவுக்கு இழுத்து, பின்னால் துண்டு அகலத்துக்கு ஒரு வலையைப் பரப்பித் தைத்தார்கள்.

"ஆறு மாசம் அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது," என்றாள் டாக்டரம்மா. "இதுவும் பிரிஞ்சா இழுத்துத் தைக்க இனிமே சதை இல்ல."

அவள் பதமாகச் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து பச்சையாகச் சொன்னேன். "அம்மாவை நீங்க தொட்டீங்கன்னா அடுத்த தடவை நான் ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டேன். தனியாக் கிடந்து சாவுங்க." என் நாக்குக்கும் எலும்பில்லை.

அதிலிருந்து தூக்குவது என் வேலை. காலையில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போவேன், மத்தியானம் ஓடி வந்து படுக்க வைப்பேன். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் அவசர ஆர்டர் என்று சூப்பர்வைசர் யாரையும் வெளியே விடவில்லை. போனெல்லாம் வாசலில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. காத்துக் காத்து இடுப்பு நொந்து, அம்மா தானே கட்டிலுக்கு நகரப் பார்த்துக் கீழே விழுந்திருக்கிறாள்.

நான் போனபோது மாலை ஐந்து மணி. அம்மா தரையில் கிடந்தாள். நைட்டி இடுப்புக்கு ஏறி நனைந்திருந்தது. அப்பா அவள் தலைக்குத் தலையணை வைத்து, காலில் போர்வை போட்டு, பக்கத்து நாற்காலியில் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேப்பா?"

"இந்தக் கோலத்துல யாரும் பார்க்கக் கூடாதுன்னுட்டா. நீங்களே தூக்குங்கன்னா." என் முகத்தைப் பார்த்தார். "நான் தூக்கலம்மா. நீ சொன்ன மாதிரியே இருந்தேன்."

அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஊரான் வீட்டு பீரோவெல்லாம் தூக்கினாரு. நான் அதைவிடக் கனமாப் போயிட்டேன்."

அப்பாவை அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு. அவரை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டவள் நான்தான் என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அழுகை வரவில்லை. அம்மாவைத் தூக்கித் துடைத்துப் படுக்க வைத்தேன். அன்றோடு அவள் மாசக் கணக்கு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்தது. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்கு முன்னால் பிடித்து, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டினாள். இவ்வளவு மோசமான வயிறு இவ்வளவு நன்றாக ஒட்டியதில்லை என்றாள். அப்பாவின் தோளைத் தட்டி, "இனிமே உங்க சம்சாரத்தைத் தூக்கலாம். வயித்துல வைக்காம தூக்குங்க," என்றாள். சரியாகத் தூக்குவது எப்படி என்று நர்ஸை வைத்துச் சொல்லியும் கொடுத்தார்கள். வழியெல்லாம் அப்பா அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார், முழங்காலை மடக்கணும், முதுகை நிமிர்த்தணும் என்று.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே அம்மாவின் கட்டிலுக்குப் போனார். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, அவள் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

அம்மா நல்ல கையால் அதை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தாள்.

"விடுங்க," என்றாள். "அன்னைக்கே எனக்குத் தரை பழகிடுச்சு."