பதினோரு நாள் வாடாத பூ

பொத்தான் தொழிற்சாலையில் தரப் பரிசோதகருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முள்ளு சார் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "ஒரு நாளைக்கு ஆறாயிரம் பொத்தான் பார்ப்பேன். நாலு ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல மூணு இருந்தா புடிச்சிடுவேன்" என்பார். பத்தொன்பது வருடத்தில் அவர் கண்ணுக்குத் தப்பிக் குறையுள்ள பொத்தான் ஒன்றுகூட வெளியே போனதில்லையாம். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. அவ்வளவு கெட்டிக்காரக் கண், வீட்டுப் பால்கனியில் என்ன லட்சணத்தில் வேலை செய்தது என்பதுதான் விஷயம்.

பால்கனியில் அறுபத்து மூன்று தொட்டி. எல்லாம் கள்ளிச்செடி. அதனால்தான் முள்ளு சார் என்ற பெயர். அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள், மூக்குக்கண்ணாடி விற்கிற கடை. துணி காயப்போட இடமில்லாமல் அவள் பட்ட பாட்டுக்கு அந்த அறுபத்து மூன்றும் சாட்சி.

கள்ளி வளர்ப்பவர்கள் தனி ரகம். செடி வருடத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்தாலே கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அப்படிப் பதினாலு பேர் மாதம் ஒருமுறை ஒரு நர்சரியின் பின்பக்கம் கூடுவார்கள். ஒருநாள் முள்ளு சாரின் வாய் சும்மா இருக்கவில்லை. "நமக்குன்னு ஒரு பத்திரிகை இருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டுவைத்தார். நல்லா இருக்கும் என்று பதிமூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரையே பார்த்தார்கள். ஒருத்தர்கூடப் பார்வையை எடுக்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது அதுதான். வீடு திரும்பும்போது அவர் ஆசிரியராகியிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 'முள்தொட்டி' இப்படித்தான் பிறந்தது. முதல் இதழில் இருபத்தெட்டுப் பக்கம். எழுதித் தருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் அன்றோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டதால், இருபத்திரண்டு பக்கத்தை அவரே ஐந்து பெயரில் எழுதினார். ஐவரில் ஒருவர் இன்னொருவரின் கட்டுரையைப் புகழ்ந்திருந்தார். மூன்றாமவர் மரியாதையோடு மறுத்திருந்தார். "அந்த அஞ்சு பேர்ல ஒருத்தனுக்கும் எழுத வராது" என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார்.

அச்சகக்காரர் நல்ல மனிதர், ஆனால் கள்ளியைக் கண்டறியாதவர். நடுப்பக்கத்தில் ஒரு உருண்டைக் கள்ளியின் படம் தலைகீழாக அச்சாகிவிட்டது. முள்ளு சார் மூன்று முறை பிழை பார்த்தவர், கவனிக்கவே இல்லை. இதழ் வெளியான பிறகு போய்க் கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே சார் இருக்கு" என்றார் அச்சகக்காரர்.

படம் தலைகீழ் என்று கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். முந்நூறு செடி வைத்திருந்தவர், முதல் சந்தாதாரரும் அவரே. ஒவ்வொரு இதழுக்கும் தவறாமல் ஒரு தபால் அட்டை போடுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். விஷயம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும். 'நடுப்பக்கச் செடி கூரையிலிருந்து தொங்குகிறதா?' என்று முதல் அட்டை. வேறு யாரும் கடிதமே எழுதாததால் அதையே வாசகர் பக்கத்தில் போட வேண்டியதாயிற்று. போகப்போக ஜனங்கள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டினார்கள், இந்தத் தடவை ஆசிரியருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க. பதினாலு பிரதி அறுபதாகி, மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஆனது. தன் எழுத்துக்காக வந்த கூட்டம் என்று முள்ளு சார் நம்பிக்கொண்டிருந்தார். நம்புவதற்கு என்ன தடை?

பதினோராம் இதழுக்கு வந்த அட்டைதான் ஆளைச் சாய்த்தது. 'கள்ளியைப் பூக்க வைப்பது எப்படி என்று ஆசிரியர் இதுவரை ஏழு கட்டுரை எழுதிவிட்டார். அவர் வீட்டில் ஒன்றாவது பூத்திருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.'

பூக்கவில்லை. அறுபத்து மூன்றில் ஒன்றுகூட இல்லை. அவர் முதன்முதலில் வாங்கிய உருண்டைக் கள்ளி, பால்கனி மூலையில் எட்டு வருடமாக உம்மென்று உட்கார்ந்திருந்தது. அவரும் வெயில் காட்டினார், நிழல் காட்டினார், தண்ணீரை நிறுத்தினார், தனியாக இருக்கும்போது கெஞ்சியும் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

சாப்பாட்டில் மனம் போகவில்லை அவருக்கு. ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இதோட நிறுத்திடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

"எத? சாப்பாட்டயா?"

"பத்திரிகைய. ஒரு பூவக்கூட கண்ணால பார்க்காதவன் நானூறு பேருக்குப் பாடம் எடுக்கறது நியாயமில்ல. அடுத்த இதழ்ல பூக்கலன்னு எழுதிட்டு மூட்டை கட்டிடறேன்."

கிண்டல் செய்யத் திறந்த வாயை மனைவி மூடிக்கொண்டாள். இந்த மனிதர் பொத்தானைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேசினதில்லை. பேசினதெல்லாம் பத்திரிகையைப் பற்றித்தான். அது போய்விட்டால் இந்த வீட்டில் என்ன பேச்சு மிஞ்சும் என்று அவளுக்குப் பயமாகவே இருந்தது.

நாலு நாள் கழித்துக் காலையில் பல் விளக்கிக்கொண்டே பால்கனிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். உருண்டைக் கள்ளியின் உச்சியில் மஞ்சளாக ஒரு பூ. வாயில் நுரையோடு அவர் அழுதார். சத்தமில்லாத அழுகைதான், ஆனால் தோள் குலுங்கியது. பின்னால் டீயோடு வந்த மனைவி முகத்தில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்திருந்தாள். அவர் திரும்பியதும் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"பக்கத்துல போகாத. கைச்சூடு பட்டாலே வாடிடும்" என்றார் அவர்.

வாடவில்லை. அந்த வகைப் பூ காலையில் விரிந்தால் சாயங்காலத்துக்குள் சுருங்கிப்போகும். அதை எழுதியதும் இவர்தான், முதல் இதழ், ஒன்பதாம் பக்கம். மொட்டு கண்ணுக்குத் தெரிந்து மூன்று வாரம் கழித்துத்தான் பூ விரியும் என்பதும் அதே பக்கத்தில்தான். மொட்டே இல்லாமல் பூ வந்தது எப்படி, மறுநாளும் விரிந்தபடியே நிற்பது எப்படி என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அது ஒரு வாரம் நின்றது, பத்து நாள் நின்றது. எல்லாம் தன் உரக் கலவையின் மகிமை என்று முடிவுகட்டி, 'பதினோரு நாள் வாடாத பூ: ஒரு ரகசியம்' என்று ஆறு பக்கக் கட்டுரை எழுதினார். கலவையின் அளவுகளைக் கட்டம் கட்டிப் போட்டார். எதைச் சேர்க்கலாம் என்று அவர் எழுதியதைவிட, எதைச் சேர்க்கவே கூடாது என்று எழுதிய பகுதியில்தான் தோரணை அதிகம்.

"என்னங்க, அந்தப் பூவப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று மனைவி மூன்று முறை ஆரம்பித்தாள்.

"சொல்லு சொல்லு. மொதல்ல இந்தப் பாராவக் கேளு" என்று மூன்று முறையும் அவர் வாசித்துக் காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் அவர் வேலையிலிருந்து வந்தபோது பூவைக் காணோம். விழுந்துவிட்டது என்றாள் மனைவி. அவர் துக்கத்தோடு தலையாட்டிவிட்டு, கட்டுரையின் கடைசி வரியைத் திருத்தப் போனார்.

பன்னிரண்டாம் இதழ் அச்சாகி வந்தது. முன்னட்டை முழுக்க மஞ்சள் பூ. ஞாயிற்றுக்கிழமை, இருவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து முகவரிச் சீட்டு ஒட்டினார்கள். முப்பதாவது பிரதியிலேயே பசை காலி.

"போன மாசம்தானே வாங்கினேன்? முழு பாட்டில். எங்க போச்சு?" என்றார்.

மனைவி கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள். "அந்தச் செடி உச்சியெல்லாம் முள்ளுங்க. கொஞ்சமா வெச்சா ஒட்டல."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அவள் எழுந்து போய் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே அந்த மஞ்சள் பூ, அடியில் வெள்ளைப் பசை உறைந்து, கொஞ்சமும் வாடாமல் இருந்தது. கடை அலமாரியில் அழகுக்கு வைத்திருந்த காய்ந்த பூக்களில் ஒன்று.

"தொட்டுப் பார்ப்பீங்க, சிரிப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க அழுதீங்க. அழற மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

அவர் பூவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வந்த முதல் யோசனை கோழை யோசனைதான், மறைப்பானேன்? "யாருக்குத் தெரியப்போகுது? அப்படியே அனுப்பிடலாம்" என்றார்.

"பல் டாக்டருக்குத் தெரியும்."

உண்மைதான். முன்னட்டையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மறுபடி அச்சடித்துத் தர முடியுமா என்று அச்சகக்காரருக்குப் போன் செய்தார். இயந்திரத்தில் வேறு வேலை ஏறிவிட்டது, இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒன்றும் நடக்காது என்று பதில் வந்தது. இதழை அனுப்பாமல் விட்டால் பத்திரிகை அன்றோடு செத்தது. அப்படியே அனுப்பினால் மானம் கப்பலேறும். ஒரு துண்டுச்சீட்டு எழுதி, ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டுவது ஒன்றே வழி. அவர் பேனாவை எடுத்து, 'வீட்டார் விளையாட்டாகச் செய்த காரியத்தால்' என்று ஆரம்பித்தார். எதிரே மனைவி கண்ணாடிப் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அவர் அந்த வரியை அடித்தார். 'எதிர்பாராத சூழ்நிலையில்' என்று எழுதி அதையும் அடித்தார். கடைசியில் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

'அட்டையில் இருப்பது பசை போட்டு ஒட்டிய காய்ந்த பூ. உள்ளே இருக்கும் ஆறு பக்கமும் அபத்தம், உரக் கலவை உட்பட. ஒட்டியவர் அன்பினால் ஒட்டினார். பதினோரு நாள் எதிரே நின்று பார்த்தும் கண்டுபிடிக்காத மடையன், இந்தப் பத்திரிகையின் ஆசிரியன்.'

புதுப் பசை வாங்கி வந்து நானூற்றுப் பன்னிரண்டையும் இருவருமாக ஒட்டினார்கள். இதுதான் கடைசி இதழ் என்று அவர் மனதுக்குள் தீர்மானித்திருந்தார்.

ஆறாம் நாள் பல் டாக்டரின் அட்டை வந்தது. அதை மனைவிதான் வாசித்தாள், அவருக்குத் தைரியமில்லை. 'நான்கு வருடமாக ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிவந்தேன். வீடு மாறும்போது தூக்கினால் காற்றாக இருந்தது. உள்ளே செத்து, காய்ந்து, வெறும் கூடு. செத்த பல்லைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. தாராளமாகப் பிரசுரிக்கலாம்.'

அதற்குப் பின்னால் கடிதங்கள் வந்தன பாருங்கள், தபால்காரர் பெட்டியில் போட முடியாமல் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவர் கடையில் வாங்கிய செடியில் பூ ஒட்டியிருந்ததைத் தெரியாமல் போட்டிக்கே கொண்டுபோயிருந்தார். ஒருவர் விதை என்று நம்பிக் கூழாங்கல்லை விதைத்து ஒரு வருடம் காத்திருந்தார். 'ஏமாந்த கதை' என்று பகுதி தொடங்கினார்கள். கள்ளியே வளர்க்காதவர்களும் சந்தா கட்டினார்கள். இரண்டே வருடத்தில் ஆயிரத்து எழுநூறு பிரதி. அறிவைக் கொட்டி எழுதிய ஏழு கட்டுரை சாதிக்காததை ஒரு பாட்டில் பசை சாதித்துவிட்டது என்பதில் முள்ளு சாருக்கு இன்னும் உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. கூடவே பல் டாக்டர் ஒரு விதியும் போட வைத்தார். பூவின் படம் அனுப்புகிறவர்கள், அதே பூ வாடின படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பிரசுரம் கிடையாது.

அதற்கும் அடுத்த வருடம் உருண்டைக் கள்ளியின் பக்கவாட்டில் சாம்பல் நிறப் பஞ்சுபோல ஒன்று தலைகாட்டியது. முள்ளு சார் முகர்ந்து பார்த்தார். ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். நேரே சமையலறைக்குப் போய், "திரும்பவுமா?" என்றார்.

"நான் இல்லங்க."

"சத்தியமா?"

"பசை பாட்டில வேணும்னா அளந்து பாருங்க."

போய் அளந்தே பார்த்தார். மூன்று வாரம் தினமும் அளந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டு விரிந்தது. வெளிறின ரோஜா நிறம், நடுவில் பச்சை. மனைவி இரண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள், இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் முதல்முறையாகச் செடியைப் பற்றிக் கேள்வி கேட்டாள், இது ஏன் இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பச்சை எதற்கு என்று. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். டீ ஆறிப்போய், மறுபடி போட்டு, அதுவும் ஆறியது. பக்கத்து வீட்டுத் துணியின் நிழல் பால்கனியைத் தாண்டிப் போனது.

"இந்தத் தடவ அழலயா?" என்றாள்.

"அழுது முடிச்சாச்சு. நீ ஒட்டின பூவுக்கு." சற்றுப் பொறுத்து, "அது இதவிட நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவள் எழுந்துபோய்த் துணியை எடுக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சாயங்காலம் பூ சுருங்கி மூடிக்கொண்டபோதுதான் அவருக்குச் சுரீர் என்றது. கேமரா காலையிலிருந்து கூடத்து மேசையில் உறையோடு கிடந்தது. எட்டு வருடமும் அதற்குமேல் மூன்று வருடமும் காத்திருந்து, அட்டைக்கு ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலை, செடியின் பக்கவாட்டில் ஈரத்துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்த பூவைப் படமெடுத்து அதையே அட்டையில் போட்டார். 'என் வீட்டில் பூத்தது. சாட்சி: என் மனைவி' என்று கீழே ஒரு வரி.

பல் டாக்டரின் அட்டை அடுத்த வாரமே வந்துவிட்டது. 'இதை யாரும் ஒட்டமாட்டார்கள். நம்புகிறேன்.'

அந்த அட்டையை முள்ளு சார் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் பூவுக்கு அடியில் மடித்து வைத்தார். பூ அப்போதும் வாடவில்லை.