வெளியே இருந்த ஒருவன்

எலாதியாவைப் போர்த்தோ ரிக்கோத் தீவின் யாவுகோ மலையில் காப்பி பறித்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும்படி பேசுவாள். அவள் புருஷன் தெலெஸ்போரோ அதற்கு நேர் எதிர். நாய், கோழிகளிடம் பேசுகிற அளவுக்குக்கூட மனுஷர்களிடம் பேச மாட்டான்.

அவர்கள் கல்யாணத்தன்றுதான் குவானிகா கடற்கரையில் அமெரிக்கச் சிப்பாய்கள் இறங்கிய சேதி மலைக்கு வந்தது. ஆட்டம் பாட்டம் நின்றுவிட்டது. எங்களை ஆண்ட ஸ்பெயின்காரன் போகிறான், அமெரிக்காக்காரன் வருகிறான் என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள்.

"அவன் நம்ம காப்பியக் குடிப்பானா? மொதல்ல அதக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள் மணப்பெண்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் குடிக்கவில்லை. ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் காப்பி துறைமுகத்திலேயே தேங்கியது. மறுவருஷம் பெரும்புயல் அடித்துக் காப்பிச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டது. மலையில் பட்டினி வந்தது.

அப்போதுதான் கரும்புக் கம்பெனியின் ஆள் ஒருவன் மாதா கோயில் வாசலில் வந்து நின்றான்.

"ஹவாய்னு ஒரு தீவு. உங்க ஊரு மாதிரியே மழை, வாழை, எல்லாம் உண்டு. உங்களப் போலவே அதுவும் இப்ப அமெரிக்காவோடதுதான். ஒரே வீட்டுல இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்குப் போற மாதிரி. புடிக்கலையா, கம்பெனியே திரும்பக் கொண்டாந்து விட்டுடும்" என்றான்.

எலாதியாவும் தெலெஸ்போரோவும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். நானும் வைத்தேன்.

கப்பல் எங்களை நியூ ஆர்லியன்ஸில் இறக்கியது. அங்கிருந்து ரயில். நாங்கள் ஏறியதும் பெட்டிக் கதவுகளைப் பூட்டினார்கள். இரண்டு முனையிலும் துப்பாக்கியோடு ஆள் நின்றான். எங்கள் மெல்லிய பருத்தித் துணிக்குள் குளிர் புகுந்து எலும்பைத் தொட்டது. ஸ்டேஷன்களில் ஒருவரையும் இறங்கவிடவில்லை.

எலாதியா காவல்காரனிடமே போய்க் கேட்டாள். "ரூம் விட்டு ரூம் போறதுக்கு எதுக்குய்யா துப்பாக்கி?"

அவனுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. உட்கார் என்று கையைக் காட்டினான்.

அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியும் தீர்மானித்துவிட்டார்கள். டெக்சாஸ் பாலைவெளியில், ஆள் அரவமே இல்லாத ஓரிடத்தில், இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றது. தெலெஸ்போரோ ஜன்னல் தாழை முன்பே நெம்பித் தளர்த்தி வைத்திருந்தான்.

"மொதல்ல நான் குதிக்கறேன். கீழேர்ந்து உன்னப் புடிச்சுக்கறேன்" என்றான்.

குதித்தான். திரும்பி இரண்டு கையையும் நீட்டினான். எலாதியா ஒரு காலை வெளியே போட்டாள். அதற்குள் காவல்காரன் ஓடிவந்து அவள் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான். ரயில் நகர்ந்தது. தெலெஸ்போரோ பெட்டியைத் தொட்டபடி கூடவே ஓடிவந்தான். கைப்பிடி அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஏறாத! ஓடிரு! தெலெஸ்போரோ, ஓடிரு!" என்று கத்தினாள் அவள்.

அவன் நின்றுவிட்டான். புழுதிக்குள் சிறுத்துக்கொண்டே போனான்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். "எங்கள்ல ஒருத்தன் தப்பிச்சுட்டான்க்கா."

கலிபோர்னியாத் துறைமுகத்தில் கொஞ்சம் பேர் கப்பலேற மாட்டோம் என்று அடம்பிடித்துத் தப்பினார்கள். எலாதியாவும் தரையில் படுத்துப் பார்த்தாள். இரண்டு பேர் மூட்டையைப்போல் தூக்கிக் கொண்டுபோய்க் கப்பலில் போட்டார்கள்.

ஹவாயைச் சேர்ந்த மாவித் தீவில் எங்களை இறக்கினார்கள். அங்கே விடியுமுன் சங்கு ஊதும். குதிரைமேல் கங்காணி வருவான். கரும்புத் தோகை முகத்தையும் கையையும் கீறும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எலாதியா மானேஜரிடம் போய், ஊருக்கு அனுப்பு என்றாள். அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்றான் அவன்.

அவளும் நானும் படகேறித் தலைநகரான ஹொனலுலுவுக்குப் போனோம். ஸ்பெயின் தூதரகத்தில் இருந்தவர் நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, உங்க தீவ நாங்க எழுதிக் குடுத்தாச்சு. தீவோட சேத்து உங்களையும்தான்."

அமெரிக்க சர்க்கார் கச்சேரியில் ஒரு போர்த்துகீசியன் மொழிபெயர்த்தான். "நீங்க அமெரிக்காவுக்குச் சொந்தம். ஆனா அமெரிக்காக்காரங்க இல்லையாம்."

"அப்ப நான் யாரு? அதக் கேளு அவன்கிட்ட."

அவன் கேட்டான். அதிகாரி தாடையைச் சொறிந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

வெளியே வந்து கடலைப் பார்த்தபடி எலாதியா சொன்னாள். "நம்மள யாரும் கட்டிப் போடலக்கா. எங்க வேணும்னாலும் போகலாம். தண்ணிமேல நடக்கத் தெரியணும், அவ்ளோதான்."

அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை. கரும்பு வெட்டிவிட்டு வந்து முதுகைச் சாய்த்தால் தெலெஸ்போரோவைப் பற்றித்தான் பேசுவாள். இன்றைக்கு அவன் குதிரை வாங்கியிருப்பான். சொந்தமாக நிலம் பிடித்துத் துவரை போட்டிருப்பான். இஷ்டப்பட்ட நேரத்துக்கு எழுந்திருப்பான்.

"இன்னொருத்தியக் கட்டியிருந்தா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"கட்டட்டுமே! நல்லா கொழுகொழுன்னு ஒருத்தியக் கட்டட்டும். அவன் வெளிய இருக்கான்ல, அது போதும் எனக்கு."

சில வருஷம் கழித்து, கலிபோர்னியாவிலிருந்து புதிய கூலியாட்கள் வந்து இறங்கினார்கள். கங்காணி அவர்களை வரப்பு வழியே ஓட்டிக்கொண்டு வந்தான். கூட்டத்தில் ஒருவன் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்து நின்றான். பாதித் தலை நரைத்திருந்தது. எலாதியாவின் கையிலிருந்த வெட்டுக்கத்தி நழுவியது.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஓடத்தான் செய்தாள். போய் அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"எதுக்கு வந்த? உன்ன யாருடா வரச் சொன்னா?"

"இங்க வர்றதுக்குக் கம்பெனி கப்பல் மட்டுந்தான் இருந்துச்சு. கைநாட்டு வெச்சேன். வந்தேன்."

"வெளிய ஒருத்தன் இருக்கான்னு நெனச்சுத்தானே நான் ராத்திரி கண்ண மூடினேன்! அதையும் கெடுத்துட்டியே, பாவி!"

அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான். கங்காணி விசில் அடித்ததும் வேலைக்குப் போனார்கள், ஆளுக்கொரு பக்கமாக.

அவள் அவனை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அவன் ஒண்டிக்கட்டைகளின் கொட்டகையில் படுத்தான். பகலில் அவள் வரிசைக்குப் பக்கத்து வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒருநாள் மதியம் சோற்று வேளையில் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"சொல்லு. அங்க எப்படி இருந்துச்சு, வெளிய?"

அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஆரஞ்சுத் தோப்பில் பழம் பறித்திருக்கிறான். தண்டவாளத்துக்குக் கல் சுமந்திருக்கிறான். தொழுவத்தில் படுத்திருக்கிறான். வேலை முடிந்ததும் எந்த ஊரும் அவனை வைத்துக்கொள்ளவில்லை. போலீஸ்காரன் எல்லைவரை துரத்திவிட்டுத்தான் திரும்புவானாம்.

"அங்கயும் கங்காணி உண்டு, எலாதியா. குதிரமேலதான் வருவான்."

அவன் வந்த அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி வாடவில்லை. பிறகு தன் மீனில் பாதியைப் பிய்த்து அவன் சோற்றில் வைத்தாள். அன்று சாயங்காலம் அவனுடைய மூட்டையை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

மூன்று பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் வயலில் இறங்கும் வயசுக்கு வந்தபோது, போர்த்தோ ரிக்கோக்காரர்கள் எல்லாரும் இனி அமெரிக்கக் குடிமக்கள் என்று வாஷிங்டனில் சட்டம் போட்டார்கள். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சட்டத்தின் பின்னாலேயே எங்கள் இளவட்டங்களைப் பட்டாளத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் ஓட்டுரிமை கேட்டுப் போன தெலெஸ்போரோவை, உனக்கு இல்லை என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினான். கோர்ட்டில் தீர்ப்பு வந்த பிறகுதான் அவன் பேரை ஓட்டர் பட்டியலில் எழுதினார்கள்.

பேர் எழுதிய அன்று அவன் புதுச்சட்டையோடு வீட்டுக்கு வந்தான். எலாதியா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"இனி நாம அமெரிக்காக்காரங்க" என்றான்.

"நம்மளக் கேட்டாங்களா?"

"இல்ல."

"முன்னாடியும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்க்க எழுந்து போனாள்.